மூன்று லிட்டர் கிண்ணமும் கால் கிலோ பீன்ஸும்

எங்கள் வீட்டில் காய் நறுக்குவது என் வேலை. ஓய்வு பெற்ற அடுத்த வாரமே மனைவி பலகையையும் கத்தியையும் என் பக்கம் தள்ளிவிட்டாள், ஆறு வருடமாகிறது. கும்பகோணத்தில் வீடு. அம்மா, நாங்கள் இருவர், மகன், மருமகள், பேரன் என்று ஆறு பேர். தினம் முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ காய் என் கையைத் தாண்டித்தான் அடுப்புக்குப் போகும். வெங்காயமும் தக்காளியும் தனிக் கணக்கு.

போன வருடம் பழைய மிக்ஸி படுத்துவிட்டது. மோட்டாருக்குப் புதிதாகக் கம்பிச்சுருள் கட்டியும் பிரயோஜனமில்லை என்று கடைக்காரர் கையை விரித்தார். மிக்ஸி வாங்கப் போனவன், காய் நறுக்கவும் மாவு பிசையவும் இரண்டு லிட்டர் பிராசஸர் கிண்ணமும் சேர்ந்து வருகிற மாடலாகப் பார்த்து வாங்கி வந்தேன். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, நியூஜெர்சியில் இருக்கும் அக்கா வீடு மாற்றியபோது தன்னுடைய 14 கப் ஃபுட் பிராசஸரைச் சாமான்களோடு அனுப்பிவிட்டாள். "இங்க ரெண்டு பேருக்கு இது எதுக்குடா, நீங்கதான் கூட்டுக் குடும்பம்" என்றாள். ஆக, மற்ற வீடுகளில் கடைக்குப் போகுமுன் மனதுக்குள் நடக்கிற ஒப்பீடு எங்கள் வீட்டில் சமையல் மேடையிலேயே நடந்தது. ஒரு ஓரத்தில் பெரிய பிராசஸர், நடுவில் கிண்ணம் வைத்த மிக்ஸி, இந்தப் பக்கம் என் கத்தி, அம்மாவின் அரிவாள்மணை, மருமகள் கொண்டுவந்த கயிறு இழுக்கும் சாப்பர்.

இப்போது மருமகளின் தங்கை சென்னையில் தனிக்குடித்தனம் போகிறாள். "மாமா, பெரிசாவே ஒண்ணு வாங்கிடட்டுமா, இல்ல மிக்ஸியோட வர்றது போதுமா?" என்று கேட்டாள். போனில் சொல்ல ஆரம்பித்தது முடிகிற வழியாகத் தெரியவில்லை. எழுதிவிடுகிறேன்.

கிரைண்டரை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அதன் இடத்தில் வேறெதுவும் உட்கார முடியாது. கல் நிதானமாகச் சுற்றுவதால் மாவு சூடாவதில்லை, உளுந்தும் பந்து போலப் பொங்கி வரும். மிக்ஸியில் ஐஸ் தண்ணீர் ஊற்றிச் சமாளிக்கலாம். பிராசஸரில் அதுவும் நடக்காது. ஒருநாள் சோதனைக்காக ஒரு ஆழாக்கு உளுந்தைப் போட்டுப் பார்த்தேன். பத்து நிமிடம் ஓடியும் ரவை ரவையாகவே நின்றது.

சட்னிக்கும் அதே கதிதான். ஏன் என்பதற்கு இரண்டு மெஷினும் பிறந்த இடத்தைப் பார்க்க வேண்டும். நம் மிக்ஸி 1960களில் பிறந்தது. சீமென்ஸில் வேலை பார்த்த சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற இன்ஜினியரின் வீட்டில் இருந்த ஜெர்மன் மிக்ஸர், நம்மூர் அரைப்புக்குத் தாங்காமல் மோட்டார் எரிந்து நின்றது. அதற்குப் பதிலாக அவர் செய்ததுதான் பின்னால் சுமீத் மிக்ஸியாக வந்தது. ஊறவைத்த பருப்பையும் தேங்காயையும் மஞ்சளையும் அரைப்பதற்கென்றே வந்த மெஷின் என்பதால் ஜார் அடியில் குறுகியிருக்கும், பிளேடு தரையை ஒட்டி ஓடும், மோட்டார் நிமிடத்துக்குப் பதினெட்டாயிரம் சுற்றுக்குக் குறையாமல் கத்தும். ஃபுட் பிராசஸர் வந்தது பிரான்ஸ் ஓட்டல் சமையலறையிலிருந்து. ரோபோ கூப் என்ற பெயரில் ஓட்டல்காரர்கள் வைத்திருந்ததைப் பார்த்து, கார்ல் சொன்டைமர் என்ற அமெரிக்கர் வீட்டுக்கேற்றபடி மாற்றி 1973-இல் குயிசினார்ட் என்று கொண்டுவந்தார். ஓட்டலில் கூடை கூடையாக வருகிற காய்க்குப் பிறந்த சாதி அது. பிளேடு நிமிடத்துக்கு ஆயிரத்து எழுநூறு சுற்று அளவில்தான் போகும். வெட்டும், சீவும், துருவும், மாவு பிசையும். அரைக்காது.

அதனால் பெரிய பிராசஸர் வாங்கினாலும் மிக்ஸி வேண்டும். மிக்ஸி ஏற்கெனவே எல்லா வீட்டிலும் இருக்கிறது. 2011-இல் அரசு விலையில்லா மிக்ஸி கொடுக்க ஆரம்பித்த பிறகு இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கேள்வி, அதற்கு மேலே என்ன என்பதுதான்.

அட்டையில் போட்டிருக்கும் கொள்ளளவை அப்படியே நம்பக் கூடாது. 14 கப் என்றால் அமெரிக்கக் கப் கணக்கில் சுமார் 3.3 லிட்டர். அது கிண்ணத்தின் அளவு, நாம் போடக்கூடிய அளவு இல்லை. கிண்ணத்தின் நடுவில் அச்சுக்காக ஒரு குழாய் நிற்கிறது. தண்ணீராக எதையாவது ஊற்றினால் அந்தக் குழாயின் உயரம் வரைக்கும்தான் இடம். அதற்கு மேலே போனால் அச்சு வழியாக இறங்கி மேடையெல்லாம் ஓடும். ரசத்துக்குத் தக்காளி அடிக்கிறேன் என்று ஒருநாள் முக்கால் கிண்ணம் போட்டுவிட்டு, அரைமணி நேரம் மேடையைத் துடைத்தேன்.

மேல் அளவைவிட எங்களை அதிகம் படுத்தியது கீழ் அளவு. இதை எந்த அட்டையிலும் போடுவதில்லை. ஆறு சின்ன வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய், ஒரு துண்டு இஞ்சி என்று தாளிப்புக்கு வேண்டியதைப் போட்டால், முதல் சுற்றிலேயே எல்லாம் பறந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். மூடியைத் திறந்து வழித்து நடுவில் தள்ளி மறுபடி ஓட்டினால் மறுபடி சுவர். ஒரு இஞ்சித் துண்டு மட்டும் முழுசாக அடியில் கிடக்கும். அரைக் கிலோவுக்குக் குறைந்து எதைப் போட்டாலும் எங்கள் மெஷின் இப்படித்தான் செய்கிறது. மிக்ஸியோடு வந்த இரண்டு லிட்டர் கிண்ணத்துக்கு இருநூறு கிராம் போதும். கயிறு சாப்பருக்கு ஒரே ஒரு வெங்காயம் போதும்.

ஆறு பேர் இருக்கிற வீட்டிலேயே ஒரு வேளைக்கு அரைக் கிலோவைத் தாண்டுகிற காய் எத்தனை? பொரியலுக்குக் கோஸ், பீட்ரூட், கேரட். அவ்வளவுதான். சாம்பாருக்கு முருங்கைக்காயும் கத்திரிக்காயும் துண்டாகத்தான் வேண்டும். அவியலுக்கு விரல் நீளம். அதற்கெல்லாம் மெஷினில் வழியே இல்லை.

இனி காய் காயாகச் சொல்கிறேன்.

கோஸில் பெரிய பிராசஸரை அடிக்க ஆளில்லை. ஒரு கிலோ கோஸை நாலாக வகுந்து, நடுத்தண்டை எடுத்துவிட்டு, சீவும் தட்டைப் போட்டுக் குழாயில் தள்ளினால் ஒரு நிமிடத்தில் முடிந்தது. அரிவாள்மணையில் அம்மாவுக்கு இருபது நிமிடம் ஆகும். ஆனால் அம்மா அரிகிற கோஸ் பொடிப்பொடியாக, தேங்காய்ப்பூவோடு சேர்ந்தால் எது எது என்று தெரியாத மாதிரி இருக்கும். மெஷின் சீவியது நீள நீளமாக நூடுல்ஸ் மாதிரி வரும். பேரனுக்கு அது பிடிக்கும். அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

கேரட், பீட்ரூட் துருவலும் அப்படியே. இரண்டு கிலோ கேரட்டை அல்வாவுக்குக் கையால் துருவியவர்களுக்கு, கடைசி அரை அங்குலத்தில் விரல் நகம் போவது எப்படி என்று தெரியும். மெஷினில் இரண்டே நிமிடம். மாங்காய்த் தொக்குக்கும் இதேதான்.

பீன்ஸில் எல்லாம் தலைகீழ். சீவும் தட்டுக்குப் பீன்ஸ் நட்டுக்குத்தலாகப் போக வேண்டும். பத்துப் பதினைந்து பீன்ஸை நுனி சேர்த்துக் குழாயில் நிறுத்தி, தள்ளுகட்டையை வைத்து மெதுவாக அழுத்தினால் வட்டம் வட்டமாக வரும். ஒன்று சாய்ந்தாலும் அது நீளவாக்கில் நார் நாராகக் கிழிந்து வரும். ஒருநாள் கால் கிலோ பீன்ஸை மெஷினிலும் இன்னொரு கால் கிலோவைக் கத்தியிலும் செய்து கடிகாரம் பார்த்தேன். மெஷினுக்கு அடுக்குகிற நேரம் சேர்த்து ஆறு நிமிடம், கழுவ நாலு நிமிடம். கத்திக்கு ஒன்பது நிமிடம். நான் ஒன்றும் பெரிய கைகாரன் இல்லை.

வெங்காயத்தில் பெரிய மெஷின், சின்னக் கிண்ணம் இரண்டுமே சுமார்தான். விட்டு விட்டு நாலு தட்டுத் தட்டினால் ஒரு மாதிரி வரும். ஐந்தாவது தட்டில் தண்ணீர் விட்டுவிடும். அந்த வெங்காயத்தை எண்ணெயில் போட்டால் வதங்காது, வேகும். பிரியாணிக்கு நீளமாகச் சீவ வேண்டுமென்றால் மட்டும் சீவும் தட்டு அருமை. ஆம்லெட்டுக்கும் ரவா உப்புமாவுக்கும் கயிறு சாப்பர். சில நூறு ரூபாய்ப் பொருள், கரண்ட் வேண்டாம், இரண்டு வருடத்தில் கயிறு அறுந்தால் தூக்கிப் போட்டுவிடலாம். எங்கள் வீட்டில் தினம் வேலை செய்கிற ஒரே மெஷின் என்று பார்த்தால், மிக்ஸிக்கு அடுத்தபடி இதுதான்.

கீரையை எதிலும் போடாதீர்கள், கசங்கிப்போகும். வாழைத்தண்டையும் கூடாது. நார் பிளேடைச் சுற்றிக்கொண்டு ஒரு கூடு கட்டிவிடும். வட்டமாக அரிந்து விரலில் நாரைச் சுற்றி எடுப்பது கைக்கு மட்டுமே தெரிந்த வேலை. காய்ந்த மஞ்சள், மல்லி, மிளகாய் எல்லாம் மிக்ஸிக்கோ மாவு மில்லுக்கோ உரியது. பிளாஸ்டிக் கிண்ணத்தில் போட்டால் கிண்ணம் முழுக்கக் கோடு விழும்.

பெரிய பிராசஸரைப் பற்றி இதுவரை குறையாகவே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். அது சம்பாதித்துக்கொடுத்த மூன்று நாட்களைச் சொல்ல வேண்டும்.

ஒன்று, மசால் வடை. கடலைப்பருப்பை இரண்டு மணி நேரம் ஊறவைத்து நன்றாக வடிகட்டி, அரைக் கிலோவை ஒரே தடவையில் போட்டேன். மிக்ஸியில் இதைச் செய்யும்போது அடியில் விழுதாகிவிடும், மேலே முழுப் பருப்பு ஆடாமல் நிற்கும். கடைசியில் ஒரு கை தண்ணீர் தெளிக்கத் தோன்றும், அங்கேதான் வடை கெட்டுப்போகும். இதில் அந்தப் பிரச்சினையே இல்லை. சொட்டுத் தண்ணீர் கிடையாது, பதினைந்து தட்டு, எல்லாப் பருப்பும் ஒரே கரகரப்பு. இப்போது பருப்பு உசிலிக்கும் அதே மெஷின்தான். உசிலி இவ்வளவு உதிரியாக எங்கள் வீட்டில் முன்னே வந்ததில்லை என்று மனைவியே சொன்னாள். பிராசஸரைப் பற்றி அவள் சொன்ன ஒரே நல்ல வார்த்தை.

இரண்டாவது, சப்பாத்தி மாவு. இங்கே கணக்குப் போட்டே முடிவெடுக்கலாம். ஒரு சப்பாத்திக்குச் சுமார் முப்பது கிராம் மாவு. ஆறு பேருக்கு இருபது சப்பாத்தி, அறுநூறு கிராம். மிக்ஸிக் கிண்ணம் ஒரு தடவைக்கு முந்நூற்றைம்பது கிராமுக்கு மேல் வாங்கவில்லை. அதற்கு மேல் போட்டால் மோட்டார் முனகி, அடியிலிருக்கும் சிவப்புப் பொத்தான் விழுந்து நின்றுவிடும். கவிழ்த்து அதை அமுக்கிவிட்டு, பத்து நிமிடம் ஆறவிட்டு, மறுபடி. ஆக இரண்டு தடவை. பெரிய மெஷினில் ஒரே தடவை: மாவு, உப்பு, இரண்டு ஸ்பூன் எண்ணெய், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மேல்குழாய் வழியாகத் தண்ணீரை நூல் மாதிரி விட வேண்டும். முதலில் புட்டு மாவு போல உதிரும். அப்புறம் திடீரென்று எல்லாம் திரண்டு ஒரே உருண்டையாகி பிளேடு மேல் ஏறிச் சவாரி செய்யும். அப்போது நிறுத்திவிட வேண்டும். தொடங்கியதிலிருந்து ஒரு நிமிடம் ஆகாது. ஈரத்துணி போட்டு மூடி இருபது நிமிடம் வைத்துவிட்டுத் தேய்த்தால் கைமாவுக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தது. "கைச்சூடு படலையே" என்றாள்.

மூன்றாவதுதான் பெரிசு. சித்திரையில் வெங்காய வடகம். தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளில் வருடத்துக்கு ஒருமுறை போட்டு வைத்துக்கொள்வது. வத்தக்குழம்பு தாளிக்க அது இல்லாவிட்டால் குழம்பே இல்லை. நாலு கிலோ சின்ன வெங்காயம். உரிக்கிற வேலையை எந்த மெஷினும் எடுத்துக்கொள்ளாது. வீடே உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு உரித்தோம். அதற்கப்புறம் இடிக்க வேண்டும். முன்பெல்லாம் உரல் உலக்கை. உரல் போனபிறகு மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக, பதினைந்து ஈடு, ஒவ்வொரு ஈட்டிலும் பாதி கூழ். இந்த வருடம் பெரிய கிண்ணத்தில் கிலோ கிலோவாக நாலே ஈடு. ஐந்தாறு தட்டு, ஒன்றிரண்டாக நசுங்கிய பதம், உலக்கையில் இடித்த மாதிரியே. பூண்டையும் அதிலேயே தட்டி, ஊறிய உளுத்தம்பருப்பு, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள்தூள், கறிவேப்பிலை, உப்பு எல்லாம் போட்டுப் பிசைந்து, ராத்திரி மூடி வைத்து, மறுநாள் மொட்டை மாடியில் காயவைத்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி என்று மீதியெல்லாம் பழைய முறைதான். அன்றைக்கு அம்மா மெஷின் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, "இன்னும் ஒரு தட்டு, போதும் போதும்" என்று பதம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்த மூன்றும் தினசரிச் சமையல் இல்லை என்பதைக் கவனியுங்கள். சப்பாத்தியை மட்டும் வாரத்துக்கு மூன்று நாள் என்று சேர்த்துக்கொள்ளலாம்.

தினசரிக்கு இடையில் வந்து நிற்பது கழுவுகிற வேலை. கிண்ணம், மூடி, தள்ளுகட்டை, அதற்குள் இன்னொரு சின்னத் தள்ளுகட்டை, தண்டு, தட்டு, பிளேடு. ஏழு உருப்படி. கத்திக்கும் பலகைக்கும் இரண்டு. பாத்திரம் தேய்க்க வருகிற அம்மா முதல் நாளே "இதை நான் தொடமாட்டேன் சார், கை போயிடும்" என்றுவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. நானே பிளேடைச் சோப்புத் தண்ணீருக்குள் போட்டுவிட்டு, மறந்து கையைவிட்டு, ஆள்காட்டி விரலில் மூன்று தையல் போட்டுக்கொண்டு வந்தேன். அந்தப் பிளேடை ஒருபோதும் தொட்டிக்குள் போடாதீர்கள். பயன்படுத்திய உடனே தனியாகப் பிடித்துக் குழாய்த் தண்ணீரில் காட்டி, துடைத்து, மேலே வைத்துவிட வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து யாராவது கொண்டுவருகிறேன் என்றால் இரண்டு விஷயம். அந்த மெஷின் 120 வோல்ட்டுக்குச் செய்தது. இங்கே நேராகச் செருகினால் அன்றோடு சரி. ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும், அதுவே சில கிலோ கனம். டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைக் குறைக்குமே தவிர ஹெர்ட்ஸை, அதாவது கரண்ட் நொடிக்கு எத்தனை அலையாக வருகிறது என்பதை, மாற்றாது. அங்கே 60, இங்கே 50. இந்த வகைப் பிராசஸரில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார், அதன் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. அதனால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும், சூடும் கொஞ்சம் கூடும். எங்களுடையது தாங்குகிறது; கனத்த மாவு போட்ட அன்று நான் அடியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். இங்கிலாந்து, ஐரோப்பா மெஷினென்றால் இந்தத் தொல்லை இல்லை, பிளக் மாற்றினால் போதும். இரண்டாவது விஷயம் பிளேடு. 2016 டிசம்பரில் அமெரிக்காவில் குயிசினார்ட் சுமார் 80 லட்சம் பிராசஸர்களின் பிளேடைத் திரும்பப் பெற்றது. ரிவெட் (இரண்டு தகட்டைச் சேர்த்து அடிக்கிற ஆணி) அடித்த பிளேடுகள் விரிசல்விட்டு, உலோகத் துணுக்கு சாப்பாட்டில் விழக்கூடும் என்பது காரணம். யார் வீட்டுப் பழைய மெஷின் வந்தாலும் பிளேடில் ரிவெட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அந்தப் பிளேடோடு ஓட்ட வேண்டாம்.

சத்தத்தில் பெரியதுக்கு நல்ல மார்க் கொடுப்பேன். மிக்ஸி ஓடினால் கூடத்தில் டிவி கேட்காது. இது உறுமல்தான், காலை ஐந்தரைக்குப் போட்டாலும் பேரன் எழுந்திருக்கவில்லை.

சரி, தங்கைக்கு என்ன சொல்வது? இரண்டு பேர், இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், ஆறடி மேடை. பெரியது வேண்டவே வேண்டாம். அதற்கு அரைக் கிலோ காய் போட அவர்களுக்கு மூன்று நாள் ஆகும். சாதாரண 750 வாட் மிக்ஸி, கயிறு சாப்பர், கைக்கு அடங்குகிற ஒரு நல்ல கத்தி. மிச்சப் பணத்தில் ஒரு டேபிள் டாப் கிரைண்டர் வாங்கினால் உபயோகமாக இருக்கும். குழந்தை பிறந்து மாமனார் மாமியாரும் வந்து சேர்ந்து, ராத்திரிக்குச் சப்பாத்தி என்று ஆனால், அப்போது கிண்ணத்தோடு வருகிற மிக்ஸி. வாங்கும்போது கிண்ணத்துக்கு எத்தனை கிராம் மாவு என்பதை விற்பவர் வாயால் கேட்காமல், உள்ளே இருக்கும் புத்தகத்தைப் பிரித்துப் படிக்கச் சொல்வேன். கிண்ணமும் மூடியும் தனியாக ஸ்பேர் கிடைக்குமா என்றும் கேட்க வேண்டும். மோட்டாருக்கு முன்னால் உடைவது மூடியின் அந்தச் சின்னப் பிளாஸ்டிக் கொக்கிதான், அது பொருந்தாமல் மெஷின் ஓடாது.

தனி பிராசஸர், மூன்று லிட்டர் என்றெல்லாம் போவது யாருக்கு? எட்டுப் பத்துப் பேர் சாப்பிடுகிற வீடு, வீட்டிலிருந்தே டிபனோ ஊறுகாயோ செய்து கொடுப்பவர்கள். இன்னொருவரையும் சேர்க்க வேண்டும்: மணிக்கட்டு வலியால் கத்தி பிடிக்க முடியாதவர்கள். எங்கள் எதிர்வீட்டு அம்மாவுக்கு முடக்குவாதம். இரண்டே பேர் இருக்கிற வீடு. அவரிடம் கீழ் அளவு, கழுவுகிற நேரம் என்றெல்லாம் நான் கணக்குச் சொன்னால் அது அதிகப்பிரசங்கித்தனம். அவர் ஞாயிற்றுக்கிழமை மூன்று நாள் காயைச் சேர்த்து நறுக்கி டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக்கொள்கிறார்.

எங்கள் மெஷின் இப்போது சமையல் மேடையில் இல்லை. எட்டுக் கிலோவைப் பரணிலிருந்து இறக்கி ஏற்ற முடியாது என்பதால், கூடத்தில் பழைய தையல் மெஷின் மேஜை மேல், பக்கத்திலேயே டிரான்ஸ்பார்மரோடு உட்கார்ந்திருக்கிறது. சப்பாத்தி இருக்கிற ராத்திரிகளில் மருமகள் போய்ப் பிசைந்து எடுத்து வருகிறாள். மற்ற நாட்களில் அதன் மேல் ஒரு துண்டு, துண்டின் மேல் பேரனின் நோட்டுப் புத்தகம். இன்றைக்குக் கால் கிலோ பீன்ஸும் ஒரு கட்டு முளைக்கீரையும் வந்திருக்கின்றன. இரண்டும் என் கணக்கு.